நோட்டுக்குத் தோல் உறை: கேள்வி பதில்

கேள்வி: முதல்முறையாக ஏ5 நோட்டுக்கு உறை செய்யப்போகிறேன். எந்தத் தோல் வாங்கலாம்?

பதில்: தாவர முறையில் பதனிட்ட மாட்டுத்தோல் வாங்குங்கள். மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பு ஏறிய தோல் அது. விறைப்பாக நிற்கும், ஓரத்தைத் தேய்த்தால் பளபளக்கும், கைபடக் கைபட நிறம் கூடும். குரோம் தோல் (குரோமிய உப்பால் பதனிட்டது) மெத்தென்று இருக்கும், ஆனால் ஓரம் எவ்வளவு தேய்த்தாலும் மெருகு ஏறாது. வெளியுறைக்கு 1.5 மி.மீ. தடிமன் அளவானது. உள்பைகளுக்கு 1 மி.மீ. போதும். முதுகுப் பகுதித் தோலாகக் கேளுங்கள், வயிற்றுப் பகுதி இழுபடும். பாண்டட் லெதர் வேண்டவே வேண்டாம். அது தோல் துகளைப் பசையோடு சேர்த்து அழுத்தியது, நாளடைவில் மடிப்பில் உரிந்துவிடும்.

கேள்வி: அக்கா, நோட்டை அளந்துதான் வெட்டினேன். ஆனால் உறைக்குள் நுழைத்து மூடினால் நோட்டின் அட்டை வளைந்துகொள்கிறதே, ஏன்?

பதில்: நோட்டை விரித்து வைத்து அளந்திருப்பீர்கள். மூடும்போதுதான் உறைக்கு அதிக நீளம் வேண்டும், ஏனென்றால் முதுகைச் சுற்றி வளைந்து வரவேண்டியிருக்கிறது. அதனால் நோட்டை மூடி வைத்து, ஒரு காகிதப் பட்டையை முன் அட்டையின் விளிம்பிலிருந்து முதுகைச் சுற்றிப் பின் அட்டையின் விளிம்புவரை கொண்டுவந்து குறியுங்கள். காகிதத்துக்குத் தடிமன் கிடையாது, தோலுக்கு உண்டு. ஆகவே தோலின் தடிமனைப்போல் மூன்று மடங்கு கூட்டுங்கள். 1.5 மி.மீ. தோல் என்றால் சுமார் 5 மி.மீ. இது வளைவுக்கு மட்டும். இரு பக்க ஓரங்களில் தையலுக்கும் தளர்வுக்கும் தலா 6 மி.மீ. விடுங்கள். உயரத்துக்கும் அதே கணக்குதான்: ஏ5 நோட்டு 210 மி.மீ., மேலும் கீழும் 6 சேர்த்தால் 222.

தோலை வெட்டும் முன் இதே அளவில் தடித்த தாளில் ஒன்று வெட்டி, நோட்டுக்குப் போட்டு மூடித் திறந்து பாருங்கள். கால் மணி நேர வேலைதான், ஒரு முழுத் துண்டுத் தோல் மிஞ்சும்.

உள்ளே முழு நீளத்துக்கு அஸ்தர் (உள்பக்கம் ஒட்டும் லைனிங்) வைப்பவர்களுக்கு இன்னொன்று. தட்டையாக வைத்து ஒட்டினால், மூடும்போது உள்பக்கம் சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். முதுகுப் பகுதியை மட்டும் வளைத்துப் பிடித்தே ஒட்டுங்கள்.

கேள்வி: தையல் மெஷின் இல்லை. கைத்தையல் தாங்குமா?

பதில்: தாராளமாகத் தாங்கும், மெஷின் தையலைவிட நன்றாகவே. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியையும் எதிரெதிராக நுழைக்க வேண்டும். இப்படித் தைத்தால் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். மெழுகு பூசிய 0.8 மி.மீ. நூல், தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு எடுங்கள். ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளிக் கோடு போட்டு, 4 மி.மீ. இடைவெளியில் முதலிலேயே துளையிட்டுவிடுங்கள்.

தையல் கோணலாக வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரு துளையில் வலது ஊசி முதலில் போகும், அடுத்ததில் இடது. எந்த ஊசி முதலில் என்பதைக் கடைசிவரை மாற்றாதீர்கள். இரண்டாவது ஊசியை விடும்போது முதல் நூலைச் சற்று இழுத்து ஒதுக்குங்கள், நூலைக் குத்திவிட்டால் பிறகு இறுக்க முடியாது. இரு கையும் ஒரே அளவு இழுக்க வேண்டும். முடிவில் மூன்று துளை திரும்பி வந்து தைத்து நறுக்குங்கள்.

கேள்வி: ஈரத்தோலில் கருநீலப் புள்ளிகள் வந்துவிட்டன. பூஞ்சையா?

பதில்: பூஞ்சை இல்லை, இரும்பு. தோலின் துவர்ப்பும் இரும்புத் துகளும் ஈரத்தில் சேர்ந்தால் இப்படிக் கறுக்கும். புதுக்கறை என்றால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்துப் பாருங்கள், மங்கும். ஈரத்தோலின்மேல் இரும்பு ஸ்கேலை வைக்காதீர்கள். இதையே வேண்டுமென்று செய்து தோலுக்குக் கறுப்பு ஏற்றுபவர்களும் உண்டு: வினிகரில் இரும்பு நார்ச்சுருளை (ஸ்டீல் வூல்) ஊறவைத்து, வடிகட்டிப் பூசுவார்கள். சாயம் மேலே படியாமல் தோலே கறுத்துப்போவதால், அந்தக் கறுப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: ஓரம் பிசிறாகவே இருக்கிறது.

பதில்: உப்புத்தாளால் தேய்த்து, லேசாக ஈரப்படுத்தி, வழவழப்பான மரக்கட்டையால் சூடேறும்வரை தேயுங்கள். ஈரம் கூடினால் ஓரம் நசுங்கும்.

கேள்வி: எவ்வளவு அடிக்கடி எண்ணெய் தடவ வேண்டும்?

பதில்: தோல் வறண்டு தெரிந்தால் மட்டும், அதுவும் துணியில் தொட்டு மெல்லியதாக. எண்ணெய் நிறத்தைக் கருமையாக்கும், அதிகமானால் உள்ளே காகிதத்திலும் ஊறும். முதலில் மிச்சத் துண்டில் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நனைந்தால் நிழலில் காயட்டும்.