ஊடாட்ட வடிவமைப்பு: மாணவர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: செயலியைச் சிலரிடம் கொடுத்து, பயன்படுத்தவிட்டுப் பார்க்கும் பயனர் சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்கிறார்களே, சரியா?

பதில்: எதற்குப் போதும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1993-இல் நீல்சன், லேண்டாவர் என்ற ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, ஒரு பயனர் சராசரியாக வடிவமைப்பின் 31 சதவீதக் குறைகளைக் காட்டிக்கொடுப்பார். ஐந்து பேர் சேர்ந்தால் சுமார் 85 சதவீதம். சோதித்து, திருத்தி, மறுபடி சோதிப்பவருக்கு இது நல்ல தொடக்கம். ‘என் வடிவமைப்பு பழையதைவிட வேகமானது’ என்று ஆய்வேட்டில் எழுத இது போதாது.

கேள்வி: செயலி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் ஆம் என்றார்கள். முடிவாக எழுதலாமா?

பதில்: கூடாது. செய்தவரே எதிரில் உட்கார்ந்து கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? ஒரு வேலையைக் கொடுங்கள்: ‘நாளைய முன்பதிவை ரத்து செய்யுங்கள்.’ அப்புறம் பேசாமல் பாருங்கள். உறுதி கேட்கும் பெட்டியில் ‘ரத்து’, ‘சரி’ என்று இரண்டு பொத்தான்கள். எதை அழுத்தினால் முன்பதிவு போகும், எதை அழுத்தினால் இருக்கும்? விரல் அந்தரத்தில் நிற்கும். முடித்ததும் அவரே ‘நல்லா இருக்கு’ என்பார். உங்கள் தரவு அந்த விரல்தான்.

கேள்வி: எந்த மென்பொருளை முதலில் கற்க வேண்டும்?

பதில்: தாளும் பென்சிலும் போதும்.

கேள்வி: ஐந்து பேர் என்பது நிறுவப்பட்ட விதி. ஏன் குழப்புகிறீர்கள்?

பதில்: விதி இல்லை, சராசரி. 2003-இல் ஃபால்க்னர் என்ற ஆய்வாளர் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்தைந்து பேராகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். ஒரு குழு 99 சதவீதக் குறைகளைப் பிடித்தது. இன்னொன்று 55-ஐத் தாண்டவில்லை. உங்களுக்கு வாய்த்தது எந்தக் குழு என்று எப்படித் தெரியும்? அந்த 31 சதவீதமும் எல்லா மென்பொருளுக்கும் பொருந்தாது.

கேள்வி: பயன்படுத்த எவ்வளவு வசதி என்று பயனர்களிடம் கேட்கும் எஸ்.யூ.எஸ். (System Usability Scale) கேள்வித்தாளில் மதிப்பெண் 70 வந்தது. 70 சதவீதம் பேருக்கு வசதியாக இருக்கிறது என்று பொருளா?

பதில்: இல்லை. அது 10 கேள்விகளிலிருந்து வரும் 0 முதல் 100 வரையிலான மதிப்பெண், சதவீதம் கிடையாது. சராசரி 68 என்பார்கள். அதாவது, நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். எங்கே சிக்கல் என்று அந்த எண் சொல்லாது.

கேள்வி: பட்டப்படிப்பு ப்ராஜெக்டுக்கும் ஐந்து பேர் போதுமா?

பதில்: மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

கேள்வி: நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா?

பதில்: உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள், தரவு சேகரிக்கும் முன்பே.

கேள்வி: புதிதாகப் பாடம் எடுக்கிறேன். முதல் வகுப்பில் என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் ஏதாவது இணையப் படிவத்தை நிரப்பட்டும். மற்றவர் கண்ணில் பட்டதை மட்டும் எழுதட்டும். ‘குழம்பினார்’ என்று எழுதினால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். ‘இரண்டு முறை முந்தைய பக்கத்துக்குப் போனார்’ என்றால் சரி. ‘பிடித்திருக்கிறதா’ என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. இது கைவந்த பிறகு திரை வரையச் சொல்லுங்கள்.