அரியரும் இடைவெளியும்: விண்ணப்பக் கடிதத்தில் எவ்வளவு சொல்லலாம்?

கேள்வி: ஐயா, நான் 2023இல் இயந்திரவியல் பொறியியல் முடித்தேன். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அப்பாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்காகத் திருச்சிக்கு அழைத்துச் செல்ல என்னை விட்டால் வீட்டில் ஆள் இல்லை. அந்த ஆண்டு நான்கு பாடங்களில் அரியர் விழுந்தது. கடைசி செமஸ்டருடன் சேர்த்து எல்லாவற்றையும் எழுதித் தேறிவிட்டேன். படிப்பு முடிந்த பிறகும் 14 மாதங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் வேலைக்குப் போகவில்லை. 2024 ஆகஸ்டில் அப்பா காலமானார். இப்போது துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் தர ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். கோயம்புத்தூரில் உள்ள ஒரு பம்ப் நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நடந்ததையெல்லாம் கவரிங் லெட்டரில் எழுதலாமா? மருத்துவமனைச் சான்றுகளையும் இணைக்க வேண்டுமா? நான் எழுதிய கடிதத்தையும் பயோடேட்டாவையும் உங்கள் பார்வைக்கு அனுப்பியுள்ளேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மணப்பாறை.

பதில்: தந்தையை இழந்த துயரம் ஆறுவதற்குள் வேலையும் தேட வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடந்ததை எழுதலாம், எழுதத்தான் வேண்டும். எழுதியிருக்கும் இடமும் அளவும் மட்டும் மாற வேண்டும்.

ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் பல ஆண்டுகள் விண்ணப்பங்களைப் பிரித்துப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படிப்பவரின் கண் முதலில் போய் நிற்பது ஆண்டுகளில்தான். 2023இல் பட்டம், 2024 இறுதியில் முதல் வேலை என்று இருந்து, நடுவில் என்ன நடந்தது என்பதை விண்ணப்பம் சொல்லாவிட்டால், அவர் தாமாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார். அது பெரும்பாலும் விண்ணப்பித்தவருக்குச் சாதகமாக இருப்பதில்லை. அரியரும் அப்படித்தான். எந்தப் பாடத்தில் எந்த மாதம், எந்த ஆண்டு தேர்ச்சி பெற்றீர்கள் என்பது மதிப்பெண் சான்றிதழிலேயே இருப்பதால், நீங்கள் சொல்லாமல் விட்டாலும் அது தெரியவரும். பிரிட்டனில் பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் பலவற்றின் விண்ணப்பப் படிவத்தில், படிப்பைப் பாதித்த சூழ்நிலைகளைக் குறிப்பிடுவதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. நம் ஊர்ப் படிவங்களில் அத்தகைய கட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே கடிதம் ஒன்றுதான் உங்களுக்கு இருக்கும் இடம்.

உங்கள் கடிதம் இப்படித் தொடங்குகிறது: “என் தந்தையாரின் நோயால் என் படிப்பும் வாழ்க்கையும் சிதைந்துவிட்ட நிலையில், தாங்கள் கருணை கூர்ந்து ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.” இதைத் தொடர்ந்து ஒரு பக்கத்துக்கு நோயின் வரலாறு வருகிறது. துவாக்குடிப் பட்டறையில் நீங்கள் செய்யும் வேலைக்குக் கடைசியில் ஒன்றரை வரிதான் மிஞ்சியிருக்கிறது. படிக்கும் அதிகாரிக்கு மனம் இளகலாம்; ஆனால் வெர்னியர், மைக்ரோமீட்டர் போன்ற அளவுக் கருவிகளைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி உட்கார்ந்திருக்கும் அவருக்கு, நீங்கள்தான் அந்த ஆள் என்பது கடைசி வரிவரை தெரியவில்லை. கருணை என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்பது வேலை. அதற்கான தகுதி உங்களிடம் இருக்கிறது.

முதல் பத்தியில் எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதும், இப்போது என்னென்ன பாகங்களை எந்தக் கருவிகளால் அளந்து பார்க்கிறீர்கள் என்பதும் இருக்கட்டும். அதற்கு அடுத்த பத்தியில் இந்த அளவுக்கு எழுதினால் போதும்: “2021–22இல் என் தந்தையின் தொடர் சிகிச்சைக்கு உடனிருக்க வேண்டியிருந்ததால் நான்கு பாடங்களில் தேர்ச்சி தவறியது, அவை அனைத்திலும் 2023 மே மாதத்துக்குள் தேர்ச்சி பெற்றேன். படிப்பு முடிந்து 2024 ஆகஸ்ட் வரை அவரைப் பராமரித்தேன். அந்தப் பொறுப்பு இப்போது இல்லை. முழுநேரப் பணிக்கும் ஷிப்டுக்கும் ஆயத்தமாக இருக்கிறேன்.” ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே அளவுதான். நடந்தது என்ன, எப்போது முடிந்தது, முடிந்தபின் என்ன செய்தீர்கள் ஆகிய மூன்றும் இதில் வந்துவிட்டன. இவற்றில் மூன்றாவதைத்தான் அதிகாரி தேடுவார். நோயின் பெயர்கூடத் தேவையில்லை. நோய்வாய்ப்பட்டது விண்ணப்பதாரராகவே இருந்தாலும் இதையே சொல்வேன்.

ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் முன்னும் பின்னும் அப்பாவின் எடையையும் இரத்த அழுத்தத்தையும், அன்றாடம் அவர் குடித்த தண்ணீரின் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். தர ஆய்வாளருக்கு வேண்டிய பழக்கம் அதுவே என்றாலும், அப்பாவின் நோயைத் தகுதிப் பட்டியலில் சேர்ப்பதுபோல் தோன்றிவிடும் என்பதால் கடிதத்தில் அது வேண்டாம். நேர்காணலில் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். நேரில் சொல்லும்போது அது உண்மையின் கனத்தோடு போய்ச் சேரும்.

கடிதத்தால் ஆகாத காரியங்களும் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியரே இருந்திருக்கக் கூடாது என்று விளம்பரத்திலேயே வரம்பு விதிக்கும் நிறுவனங்களில், இணையப் படிவம் உங்களை முதற்படியிலேயே வடிகட்டிவிடும். கடிதத்தை எவரும் படிக்கப்போவதில்லை. அப்படிவங்களில் அரியர் இருந்ததா என்று கேட்டால் உள்ளதை உள்ளபடியே நிரப்புங்கள். பொய்யாக நிரப்பியது சான்றிதழ் சரிபார்ப்பில் தெரியவந்தால், கைக்கு வந்த வேலையும் போகும். டி.என்.பி.எஸ்.சி. போன்ற அரசுத் தேர்வுகளுக்கு இத்தகைய கடிதமே கிடையாது.

மருத்துவமனைச் சான்றுகளை இணைக்க வேண்டாம். ஒருவருடைய நோய் விவரம் முன்பின் தெரியாதவர்களின் மேசைகளில் சுற்றுவதற்குரிய காகிதம் அல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றைக் கோப்பில் வைத்திருந்து, நேர்காணலிலோ சரிபார்ப்பிலோ கேட்டால் மட்டும் காட்டுங்கள். தந்தையார் காலமான செய்தியைக் கடிதத்தில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் மனத்தைப் பொறுத்தது. நான் மேலே எழுதிய பத்தி இரண்டுக்கும் இடம் தரும்.

பயோடேட்டாவிலும் அந்த 14 மாதங்களை வெற்றிடமாக விடாமல், “குடும்பத்தில் நோயாளியைப் பராமரித்தல்” என்று மாதங்களுடன் ஒரு வரி சேருங்கள். அனுப்புவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்: இப்போதைய வேலையில் சேர்ந்த மாதம் உங்கள் கடிதத்தில் அக்டோபர் என்றும் பயோடேட்டாவில் நவம்பர் என்றும் இருக்கிறது.