ஆவணப்படம் எடுப்போர் கேள்விகள்

பேட்டியில் நன்றாகப் பேசுகிறார்கள். எடிட்டிங்கில் எங்கள் கேள்வியை வெட்டியதும் பதில் அந்தரத்தில் நிற்கிறது. என்ன செய்வது?

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?" என்று கேட்டால் "இருபது" என்றுதான் வரும். "இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். "நான் கேக்குறது படத்துல வராது, நீங்க பேசுறதை மட்டும் கேட்டாலே புரியணும்" என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் நாலைந்து விநாடி சும்மா இருங்கள். தயாராக வைத்திருந்த பதில் தீர்ந்த பிறகு, மனதில் கிடப்பது பல நேரம் அந்த இடைவெளியில்தான் வரும். நடுவில் "ம்", "ஆமா" போடாதீர்கள். அவர் குரலோடு கலந்து பதிவானால் பிரிப்பது பெரும்பாடு. தலையை ஆட்டினால் போதும்.

வீட்டுக்குள் எடுத்தால் ஒலி இரைச்சலாகவும் எதிரொலியாகவும் இருக்கிறது.

மைக் தூரத்தில் இருக்கிறது. கேமராவிலுள்ள மைக்கை நம்பவே வேண்டாம். காலர் மைக்கை முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் மாட்டுங்கள். சங்கிலியும் பட்டுப் புடவை முந்தானையும் அதில் உரசும். பேசும்போது அவர் கையை எங்கே கொண்டுபோகிறார் என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். வெற்றுச் சுவர் அறையைவிட மெத்தை, திரைச்சீலை உள்ள அறை நல்லது. மின்விசிறி, பிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். வண்டிச் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், திரும்ப ஆன் செய்யாமல் கிளம்ப மாட்டீர்கள். பதிவுக் கருவியின் ஒலி அளவுகாட்டியில் உரத்த பேச்சு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிந்த ஒலியைச் சரிசெய்வது கடினம். முடிந்ததும் எல்லோரும் அப்படியே அமர்ந்திருக்க, அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி ஒலி அறுந்து அறுந்து கேட்கும்.

டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை ஓடுகிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். அதற்கு ஒத்துப்போக கேமராவில் விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 விநாடி வையுங்கள். மலிவான எல்இடி சிலவற்றில் அப்படியும் போகாது. அந்த விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.

நடந்து முடிந்த சம்பவத்தை நடிக்க வைத்து எடுக்கலாமா? அது பொய் ஆகாதா?

தொடக்கத்திலிருந்தே இருக்கிற கேள்வி. 1922இல் வந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தில், பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாததால் ஒரு பக்கம் திறந்த வீட்டைக் கட்ட வைத்தார் இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி. அதை மன்னிக்கலாம். துப்பாக்கிக்குப் பழகிவிட்ட, வட துருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களை ஈட்டியோடு வேட்டையாடச் சொல்லி, அதுவே அன்றைய வாழ்க்கை என்று காட்டியதுதான் தவறு. எரோல் மோரிஸின் 'தி தின் புளூ லைன்' (1988) நேர்மாறு. ஒரு போலீஸ்காரர் கொலையை, சாட்சிகள் மாற்றி மாற்றிச் சொன்னபடியெல்லாம் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறது. 'இப்படித்தான் நடந்தது' என்று எந்தக் காட்சியும் சாதிப்பதில்லை. சாட்சியங்கள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்வையாளரே காண்கிறார். அந்தக் கொலைக்காகத் தண்டனை பெற்றிருந்த ராண்டால் ஆடம்ஸ் மறு ஆண்டே விடுதலையானார். ஆகவே நடிக்க வையுங்கள். அது நடிப்பு என்று பார்ப்பவருக்குத் தெரியட்டும். ஒளியை மாற்றுங்கள், முகத்தைத் தவிருங்கள், தேவைப்பட்டால் எழுத்திலேயே போடுங்கள்.

முப்பது மணி நேரப் பதிவு கையில். எங்கிருந்து தொடங்குவது?

பேட்டிகளை டைம்கோடோடு (பதிவில் அந்தப் பேச்சு வரும் நேரக் குறிப்போடு) தட்டச்சு செய்து அச்செடுங்கள். வேண்டிய பத்திகளை வெட்டி மேசையில் வரிசைப்படுத்துங்கள். அந்த வரிசையைச் சத்தமாக வாசித்து, புரியாமல் போகும் இடத்துக்கு மட்டும் பின்னணிக் குரல் எழுதுங்கள். படத்தில் தெரிவதைக் குரல் மறுபடி சொல்லக் கூடாது.