பட்டத்தின் பெயரில் ‘சர்வதேசம்’ இருந்தால் போதுமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “ஏ.எல். வர்த்தகப் பிரிவில் ஒரு ஏ, இரண்டு பி. என் இசட் புள்ளி கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு எட்டாது என்று சேர் சொல்கிறார். திருகோணமலை கிடைக்கலாம், ஆனால் வீட்டில் அவ்வளவு தூரம் விட மனமில்லை. இங்கேயே ஒரு தனியார் கம்பஸில் ‘சர்வதேச வணிகமும் முகாமைத்துவமும்’ என்று ஒரு பிரித்தானியப் பட்டம் இருக்கிறது. மூன்று வருடம், 24 இலட்சம் ரூபாய். அப்பா புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காய மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறார். நகையை வைத்தாவது படிப்பிக்கிறேன் என்கிறார். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?”

நகை இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும். வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முதல், இந்தப் படிப்பு எதைப் பற்றியது என்று பார்த்துவிடுவோம். அதற்கு உங்கள் அப்பாவின் மேசையே போதும்.

2023 டிசம்பர் 8ஆம் திகதி இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்தக் கிழமை கடையில் என்ன நடந்தது என்று இன்றிரவு அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த கொன்டெய்னரைப் பாகிஸ்தானில் எடுப்பதா, சீனாவில் எடுப்பதா? கப்பல் வர எத்தனை நாள்? அதற்குள் எவ்வளவு அழுகும்? டொலர் எந்த விலைக்குக் கிடைக்கும்? விசேட பண்ட வரியை அரசாங்கம் நடுவில் மாற்றினால் நட்டம் யார் தலையில்? முதலாளி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் பதில் தேடியிருப்பார். பல்கலைக்கழகத்தில் இதையே நாணயமாற்று இடர், விநியோகச் சங்கிலி, வணிகக் கொள்கை என்று பெயர் வைத்துத் தனித்தனிப் பாடமாக நடத்துகிறார்கள். அப்பாவின் கோப்பில் சுங்கப் பத்திரம் ஒன்றிருந்தால் எடுத்துப் பாருங்கள். வெங்காயத்துக்கு 0703.10 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். பொருள்களை வகைப்படுத்தச் சுங்கம் பயன்படுத்தும் எச்.எஸ். குறியீடு என்பது அதுதான். முதல் ஆறு இலக்கங்கள் அநேகமாக உலகம் முழுவதும் ஒன்றே. அதற்குப் பிறகு வருவதை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் பிரித்துக்கொள்ளும்.

பட்டம் முடித்த கையோடு நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பத்திரங்கள் பார்க்கும் வேலைக்குப் போனேன். பல்தேசிய நிறுவனங்கள் ஏன் வெளிநாட்டில் முதலிடுகின்றன என்பதற்கு ஜோன் டன்னிங் சொன்ன மூன்று காரணங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பத்திரங்கள் சரியாக இருந்தால் பணம் தருகிறோம் என்று வாங்குபவரின் வங்கி தரும் எல்.சி. கடிதம் ஒன்றை அதுவரை கண்ணால் கண்டதில்லை. உலர் தேங்காய்த் துருவல் ஒரு கொன்டெய்னர் போகவேண்டியிருந்தது. கடைசி ஏற்றுமதித் திகதி 20 என்று எல்.சி.யில் இருந்தது. கப்பல் ஒரு நாள் பிந்தி, சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பி.எல். பத்திரத்தில் 21 என்று விழுந்துவிட்டது. ஒரு நாள்தானே என்று நானும் வங்கிக்கு அனுப்பிவிட்டேன். வங்கி ஏற்கவில்லை. எல்.சி.களுக்கான சர்வதேச விதிகளான யூ.சி.பி. 600இன்படி வங்கி பார்ப்பது பத்திரத்தைத்தான். பெட்டிக்குள் இருக்கும் தேங்காய் எவ்வளவு நல்லதென்பது அதற்குத் தேவையில்லாத கதை. அந்தப் பக்கம் வாங்குபவர் சும்மா இருப்பாரா? விலையைக் குறைத்தால் பத்திரத்தை ஏற்கிறேன் என்றார். குறைத்தோம். முதலாளி என்னைத் திட்டவில்லை. திகதியை நீட்டித் தரச் சொல்லி முதலே ஒரு திருத்தம் கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

டன்னிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேலே போகப் போக அவரும் தேவைப்படுவார். ஆனால் 22 வயதில் உங்களை வேலைக்கு எடுப்பவர் கேட்கப்போவது வேறு.

ஆகவே அந்தக் கம்பஸில் கைநூலை வாங்கி அட்டைப் படத்தைத் தாண்டிப் போங்கள். மூன்று வருடத்து மொடியூல் பட்டியலில் வணிக நிதி இருக்கிறதா, கப்பல் போக்குவரத்து இருக்கிறதா, ஒப்பந்தச் சட்டம், புள்ளிவிபரம், ஒரு வருடமோ அரை வருடமோ இன்டர்ன்ஷிப்? இவை ஒன்றும் இல்லாமல் தலைமைத்துவம், புத்தாக்கம், உலகமயச் சிந்தனை என்றே ஓடினால் அது சாதாரண முகாமைத்துவப் பட்டம்தான். ‘சர்வதேச’ என்ற சொல்லுக்கு மேலதிகமாகக் காசு கொடுக்கிறீர்கள்.

காசு என்றதும் இன்னொன்று. அந்த 24 இலட்சம் முழுவதும் ரூபாயா? இப்படியான பட்டங்களில் ஒரு பகுதியை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஸ்டேர்லிங் பவுணில் கட்டச் சொல்வது வழக்கம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. பவுணும் கூடவே ஏறியது. படிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளின் வீடுகளில் அப்போது நடந்த கணக்கை நான் பார்த்திருக்கிறேன். நாணயமாற்று இடர் என்ற பாடத்தை அப்படிப் படிக்க வேண்டாம்.

அங்கீகாரத்தை விளம்பரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அதை வழங்கும் பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டதா என்று வார்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். உள்நாட்டு நிறுவனம் தன் பெயரிலேயே பட்டம் தருவதென்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அனுமதி இருக்கவேண்டும். நிறுவனத்துக்கு அனுமதி இருப்பதும் நீங்கள் சேரும் பட்டத்துக்கு இருப்பதும் ஒன்றல்ல. அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடனுக்கு அந்தப் படிப்பு உள்ளடங்குகிறதா என்றும் விசாரியுங்கள். உள்ளடங்கினால் நகையை வைக்கும் தேவை குறையலாம்.

இனித் திருகோணமலை அரச வளாகம். அம்மாவுக்குக் கோபம் வரலாம், இருந்தாலும் சொல்கிறேன்: கிடைத்தால் போங்கள். படிப்புக் கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும், வீட்டைவிட்டு வெளியே இருக்கும் பழக்கமும் வரும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிகத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது, உண்மைதான். அது இல்லாத இடத்தில் முகாமைத்துவம் படித்துவிட்டு, விடுமுறைகளில் கொழும்பில் ஒரு கப்பல் முகவரிடமோ வங்கியின் வணிகப் பிரிவிலோ பயிற்சி எடுத்தவர்கள், பெயரில் ‘சர்வதேசம்’ உள்ள பட்டக்காரரோடு ஒரே நேர்முகத் தேர்வில் உட்கார்வார்கள். நான் தேர்வுக் குழுவில் இருந்தால் பயிற்சி எடுத்தவரைத்தான் எடுப்பேன்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் எழுதவில்லை. கடிதம் தமிழில் வந்ததால் நானே சொல்லிவிடுகிறேன். விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான், முதல் ஆறு மாதம் கஷ்டப்படுவீர்கள். துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் வார்ஃப் கிளார்க்கோடு பேசச் சிங்களம் வேண்டும். தமிழையும் குறைவாக நினைக்காதீர்கள். கொழும்பில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றும் கொன்டெய்னர்களில் பெரும்பகுதி இந்தியச் சரக்கு. தூத்துக்குடியிலோ சென்னையிலோ இருக்கும் முகவரோடு ஒரு சிக்கலைத் தமிழில் ஐந்து நிமிடத்தில் பேசித் தீர்ப்பவருக்கு அலுவலகத்தில் தனி மதிப்பு உண்டு. இப்போது கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகமும் போட்டிக்கு வந்துவிட்டதால் அந்த உறவுகள் இன்னும் முக்கியம்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். சரக்கு அனுப்பும் நிறுவனம், ஆடை நிறுவனத்தில் ஓர்டர்களைக் கவனிக்கும் மேர்ச்சண்டைசர், தேயிலை ஏற்றுமதி, வங்கி என்று தொடங்க இடங்கள் உண்டு. தொடக்கச் சம்பளம் 24 இலட்சத்தை விரைவில் திருப்பித் தராது. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

அடுத்த முறை கம்பஸுக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டணத்தில் எவ்வளவு பவுண், எந்த நாளின் விலைப்படி, பரீட்சை திரும்ப எழுதினால் எவ்வளவு, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பி வரும் என்று அவரையே கேட்கவிடுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் மட்டும் சொன்னால், “யோசித்துவிட்டு வாறோம்” என்று எழுந்து வாருங்கள்.