டிரஸ்ட் பணம், கச்சேரிப் பணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பறை இரண்டு, தவில், கிட்டார், பாடகர் என ஐந்து பேர் குழு எங்களுடையது. வார இறுதியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பறை கற்றுத்தர ஒரு டிரஸ்ட் பதிவு செய்தோம். கச்சேரிப் பணத்தையும் டிரஸ்ட் கணக்கிலேயே போட்டால் வரி மிச்சம் என்கிறார் நண்பர். போடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: போடாதீர்கள். கச்சேரிப் பணம் உங்கள் ஐவரின் தொழில் வருமானம். அது டிரஸ்டுக்குள் போய் நிறுவனர்களான உங்களிடமே திரும்பினால், டிரஸ்டின் ஆதாயம் நிறுவனருக்குப் போகிறது என்று வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும். வரிவிலக்கே பறிபோகலாம்.

அதற்காக நிறுவனர் டிரஸ்டில் சம்பளமே வாங்கக் கூடாது என்றில்லை. டிரஸ்ட் பத்திரத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் ஒரு பறை வகுப்புக்கு என்ன கூலியோ அதைத் தாண்டக் கூடாது. அறங்காவலர் கூட்டத் தீர்மானம் வேண்டும். வாங்குபவர் அதில் வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும். பணம் வங்கி வழியே போகட்டும். பலர் கோட்டைவிடுவது ஸ்பீக்கரில்தான்: டிரஸ்ட் பணத்தில் வாங்கியதைக் கச்சேரிக்குத் தூக்கிப்போனால், வெளியே என்ன வாடகையோ அதை டிரஸ்டுக்குக் கட்டி ரசீது வையுங்கள்.

தேதிகளும் முக்கியம். தற்காலிக வரிவிலக்குப் பதிவு மூன்று ஆண்டுக்குத்தான். அது முடிய ஆறு மாதம் இருக்கும்போது, அல்லது வகுப்பு தொடங்கிய ஆறு மாதத்துக்குள், இரண்டில் எது முந்தியோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘மூன்று வருஷம் இருக்கிறதே’ என்று இருந்துவிடுபவர்கள்தான் மாட்டுகிறார்கள். நன்கொடையாளர் பட்டியலை வருமான வரி இணையதளத்தில் மே 31க்குள் ஏற்றாவிட்டால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் படிவ எண்களை ஆடிட்டரிடம் சரிபாருங்கள்.

இன்னொன்று. ‘80ஜி ரசீது (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் ரசீது) தருவோம்’ என்று சொல்லி நன்கொடை கேட்பது முன்போல எடுபடாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு அந்தக் கழிவு கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

கேள்வி: டொராண்டோவில் இருக்கும் நண்பர் டிரஸ்டுக்கு ஒரு லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை எடுத்திருந்தால், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவு கேட்க டிரஸ்டுக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் தன் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். சிறு டிரஸ்டுக்கு எட்டாத உயரம்தான்.

கேள்வி: கச்சேரிக்கு அறுபதாயிரம் பேசினார்கள், ஐம்பத்து நாலாயிரம்தான் கணக்கில் ஏறியது. (வாசகர், கோவை)

பதில்: பத்து சதவீதம் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வரி, பிடித்திருப்பார்கள். ஒரே தரப்பிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்க வேண்டும். உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். ஏறியிருந்தால் ரிட்டர்ன் போட்டு, வரி குறைவாக இருந்தால் திரும்பப் பெறலாம். ஏறாவிட்டால் கொடுத்தவரை உடனே பிடியுங்கள். வருஷம் கடந்தால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

குழுவில் ஒருவர் பெயரில் மட்டும் பில் போட்டால் மொத்தமும் அவர் வருமானமாகத் தெரியும். மற்றவர்களுக்கு அவர் வங்கி வழியே கொடுத்து, வவுச்சரில் கையெழுத்து வாங்கி, செலவாகக் காட்ட வேண்டும்.

கேள்வி: விழா அமைப்பாளர்களுக்கு எத்தனை மெயில் போட்டாலும் பதில் இல்லை. (வாசகர், சென்னை)

பதில்: பத்துப் பாட்டு இணைப்பு அனுப்பினால் ஒன்றைக்கூடக் கேட்க மாட்டார்கள். மேடையில் எடுத்த, வெட்டாத மூன்று நிமிட வீடியோ ஒன்று போதும். அதோடு ஒரே பக்கத்தில் எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எவ்வளவு நேரம் வாசிப்பீர்கள், கட்டணம், பயணச் செலவு தனியா சேர்த்தா என்று எழுதுங்கள். கீழே சேனல் பட்டியல், அதாவது எதற்கு எத்தனை மைக் இணைப்பு என்று. மதுரை வாசகரின் குழு என்றால் பறைக்கு ஆளுக்கொரு மைக், தவிலுக்கு வலந்தலை, தொப்பி என இரண்டு, கிட்டாருக்கு டி.ஐ. பெட்டி (மைக் இல்லாமல் நேரடியாக ஒலிக்கருவியில் இணைப்பது) ஒன்று, குரலுக்கு இரண்டு, ஆக ஏழு. இதைப் பார்த்ததும் அமைப்பாளருக்கு சவுண்ட் செலவு தெரிந்துவிடும். அவர் தயக்கத்தில் பாதி அதுதான். ஜூன் 21 உலக இசை நாள் மேடை வேண்டுமானால் மார்ச்சிலேயே எழுதுங்கள்.

விருந்துகளில் விசிட்டிங் கார்டு நீட்டுவதைவிட, சவுண்ட் செக்குக்கு நேரத்துக்குப் போய் அரங்கத்தின் சவுண்ட் என்ஜினியரிடம் நல்ல பெயர் வாங்குங்கள். ஒரு குழு வராமல் போனால் அமைப்பாளர் முதலில் கேட்பது அவரைத்தான்.