பட்டிப்பொல இறக்கமும் பிரேக் லைனர் தேய்மானமும்

அண்ணே, ஹோர்டன் சமவெளி ஹயருக்கு ஓடுற உங்கட பழைய மிட்சுபிஷி ஜீப்பில பிரேக் லைனர் (டிரம்மில உரசி வண்டியை நிப்பாட்டுற பட்டை) அடிக்கடி முடியுது, பட்டிப்பொல இறக்கத்தில பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, வண்டி ஆறினதும் சரியாகுது என்டீங்க. லைனரை மட்டும் மாத்திக் கொண்டிருந்தால் காசுதான் கரையும்.

பெடல் கட்டியாக இருந்தும் வண்டி நிக்காட்டி, சூட்டில லைனர் பிடியை விட்டிருக்கு. உங்களுக்கு அமுங்குது. அப்ப பிரேக் ஒயில் கொதிச்சு பிரேக் குழாய்க்குள்ள ஆவி நிக்குது. அந்த ஒயில் காற்றில உள்ள ஈரத்தை உறிஞ்சும்; புது டொட் 3 ரக ஒயில் குறைஞ்சது 205 பாகை வரை தாங்கும், ஈரம் சேர்ந்தால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். நம்ம மலைநாட்டு மழையைப் பற்றிச் சொல்லவும் வேணுமா?

முழு ஒயிலையும் இறக்கி, இன்னும் கூடின சூடு தாங்குற டொட் 4 போட்டு, நாலு சில்லின்ர பிரேக் குழாயிலயும் நிக்கிற காற்றை எடுக்கச் சொல்லுங்க. ஆறின வண்டியிலயும் பெடல் மெல்ல இறங்கினால் பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரைக் கழட்டிப் பார்க்கணும். டிரம்மைத் திறக்கிற நேரம் உள்ள இருக்கிற சேற்று மணலையும் கழுவ வைங்க, லைனரை அரைக்கிறதே அதுதான்.

டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல இறக்குறாரா என்டும் ஒருக்கா கவனிங்க. அப்படி இறக்கினால் முழுப் பாரமும் பிரேக்கிலதான்; ஏறின கியரிலயே இறங்கணும். சரியாகும் வரைக்கும் ஆள் ஏத்தாதீங்க.