வெளிநாட்டு வீடியோ கலைக் கண்காட்சியில் தேர்வாகியிருக்கிறேன், 350 யூரோ பங்கேற்புக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். உங்கள் வீடியோவை முழுதாகப் பார்த்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

கல்லூரி முடித்து ஒன்றிரண்டு வருஷம் ஆனவர் என்று நினைக்கிறேன். அந்த வயதில் எனக்கும் இத்தாலியிலிருந்து இதே மாதிரி மெயில் வந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்த வீடியோ தேர்வாகிவிட்டது, இடத்துக்கும் கேட்லாக்குக்கும் பணம் அனுப்பு என்று. ஓவியம் என்றால் பெட்டி கட்டணும், இன்ஷூரன்ஸ் போடணும், கஸ்டம்ஸ் தாண்டணும், செலவு புரிகிறது; வீடியோவுக்கு ஒரு லிங்க் போதுமே? எதில் காட்டுவீர்கள், அறை இருட்டாக இருக்குமா, சத்தம் எப்படி வரும் என்று கேட்டு எழுதினேன். எல்லாருடைய வீடியோவும் ஒரே டிவியில் வரிசையாக, சத்தமில்லாமல் ஓடுமாம். என் வீடியோவில் பாதி உயிரே உப்பு வாருகிற பலகை தரையில் உரசுகிற சத்தம்தான். முடியாது என்று எழுதிவிட்டேன். வந்த வாய்ப்பை விட்டுட்டியே என்று அப்பா ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை. அப்புறம் அதே வீடியோவை ஜெர்மனியில் ஒரு விழாவில் இருட்டறையில் முழுச் சத்தத்தோடு காட்டினார்கள், சன்மானமும் தந்தார்கள். இதைச் சொல்ல எனக்குப் பெருமைதான்.

எல்லாக் கட்டணமும் மோசடி என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். விண்ணப்பிக்கும்போதே சிறு தொகை வாங்கும் நல்ல விழாக்கள் உண்டு. தேர்வு செய்துவிட்டுக் கேட்பதைத்தான் சொல்கிறேன்.

பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 1983 முதல் நடக்கும் வீடியோபிரேசில் விழா நம் மாதிரி நாடுகளின் கலைஞர்களைத்தான் தேடுகிறது. ஜெர்மனியின் பான் நகரத்து வீடியோ கலை விழாவான வீடியோனாலே 1984 முதல் இருக்கிறது. 35 வயதுக்குள் என்றால் உக்ரைனின் கீவ் நகரத்திலிருந்து தரும் ஃபியூச்சர் ஜெனரேஷன் ஆர்ட் பிரைஸ் என்ற விருது இருக்கிறது. இவர்களுடைய அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. வீடியோ கலையின் முன்னோடியான கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக் 1963லேயே ஜெர்மனியில் டிவி பெட்டிகளைக் கண்காட்சியாக வைத்துவிட்டார். நம் நாட்டுக் கலைஞர் நளினி மலானியின் வீடியோ நிழலாட்டம் ஜெர்மனியின் பெரிய கலைக் கண்காட்சியான டாக்குமென்டாவில் 2012இல் இருந்தது. ஆனால் நான் படித்த கல்லூரியில் என் வீடியோவை மதிப்பெண்ணுக்கே எடுத்துக்கொள்ளவில்லை, "கேன்வாஸ்ல ஏதாவது பண்ணிட்டு வா" என்றார் ஆசிரியர். அங்கிருந்து வெளியே வருகிற பிள்ளைகள், தேர்வாகிவிட்டாய் என்று எவன் எழுதினாலும் நம்பி, வீட்டு நகையை வைத்தாவது பணம் அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.